ஓயாத குதிகால்

எங்கள் மாடியில் யாரோ குதிரை கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கீழ்க்கடை ராவுத்தர் கொஞ்ச நாள் உண்மையாகவே நம்பினார். பினாங்கில், சூலியா தெருவில் அவருக்குச் சோற்றுக்கடை. கடைக்கு மேலே பலகைத் தளம். பலகைக்கு மேலே அறைக்கொரு குடியாக நாங்கள். மேலிருந்து 'டங், டங்' என்று அடி விழும்போதெல்லாம் பலகை இடுக்கில் எந்தக் காலத்திலோ ஒதுங்கிய தூசி பொலபொலவென்று கிளம்பி, வேறு எங்கேயும் போகாமல் நேராக மீன்குழம்புச் சட்டிக்குள் இறங்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கையில் கரண்டியோடு படியேறி வந்துவிட்டார்.

"டேய் தம்பி, மேல என்னா குதிர வளக்குறீங்களா? எந்நேரமும் காலத் தட்டிக்கிட்டே கெடக்கு!"

நான் பக்கத்து அறையைக் கையால் காட்டினேன்.

அங்கே டிராம் ஓட்டும் அண்ணன் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விடிகாலையில் வேலைக்குப் போகிறவர். மதியம்தான் அவருக்குத் தூக்கம். வாய் திறந்திருந்தது. ஒரு கை மார்பின்மேல் கிடந்தது. மடக்கி வைத்த வலது காலின் குதி மட்டும் விழித்துக்கொண்டு, பலகையை அடித்துக்கொண்டிருந்தது.

ராவுத்தர் கரண்டியைத் தாழ்த்தினார். அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யா அல்லா! ஆளு வேற, காலு வேறயால்ல இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அன்றிலிருந்து குழம்புச் சட்டிக்கு ஒரு மூடி வந்தது.

டிராம் ஓட்டுகிறவருக்கு உட்கார இடம் கிடையாது என்பது ஏறிப் போகிற நமக்குத் தெரியாது. முன்தட்டில் நின்றபடியே ஓட்ட வேண்டும். இடது கை ஓட்டுகிற பிடியில். வலது கை பிரேக்கில். மணியடிக்க மூன்றாவது கை இல்லாததால் அந்த வேலையைக் காலிடம் கொடுத்துவிட்டார்கள். காலடியில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். குதிகாலால் மிதித்தால் 'டங்'. கப்பல் ஜெட்டியில் புறப்பட்டு, மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் போய்ச் சேரும்வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்டவாளத்தின்மேல் ரிக்‌ஷா நிற்கும், மாட்டுவண்டி நிற்கும், கோழி நிற்கும், கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்கள் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டார் கார் என்பது நின்று பார்க்கிற அதிசயமாம். நான் அவரைப் பார்த்த காலத்தில் அது கொசு மாதிரிப் பெருகிவிட்டது. போதாததற்கு முச்சந்தியில் டிராம் இன்ஸ்பெக்டர் ஒருவர் கடிகாரத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து நேரம் துரத்தும், முன்னால் ஜனம் மறிக்கும். நடுவில் நின்ற அந்த மனிதருக்குப் பேசக் கிடைத்த ஒரே வார்த்தை 'டங்'.

அதனால் நான் அவருக்கு டங்கண்ணன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரன். வாத்தியாருக்கு ஒரு பெயர் வைக்கப் போய்த்தான் என் படிப்பு நாலாம் வகுப்போடு முடிந்து, நான் சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தேன். வாத்தியார் கோபித்துக்கொண்டதுபோல் இவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பேரு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஒங்கக்கா காதுல விழாமக் கூப்பிடு. அவளுக்கு அந்தச் சத்தம்னாலே ஆவாது."

அவர் மனைவியைத்தான் நான் அக்கா என்பேன்; அக்காவுக்கு ஆகாததில் நியாயம் இருந்தது. அவர் சோறு சாப்பிடும்போது குதிகால் அடிக்கும். தட்டில் ரசம் அலைபாயும். முகம் மழிக்கும்போது அடிக்கும். அதனாலேயே அவர் தாடையில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும். மாரியம்மன் கோயிலில் தீபாராதனைக்குமுன் எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்கிற நேரத்தில், நாகஸ்வரக்காரரே சும்மா இருக்கும்போது, கல்தரையில் 'டங், டங்' என்று கேட்கும். அவர் அவசரமாக இடது காலைத் தூக்கி வலது காலின்மேல் ஏற்றி அமுக்கிக்கொண்டு, கைகூப்பியபடி கொக்கு மாதிரி நிற்பார். "அண்ணே, சாமிதான் தண்டவாளத்த விட்டு ஒதுங்கி நிக்கணும்போல" என்று நான் காதில் சொல்வேன். சிரிப்பை அடக்கப் போய் இடது கால் நழுவும். மறுபடியும் டங்.

ஒருநாள் அக்கா பழைய சேலையைக் கிழித்து, அவர் கணுக்காலை அம்மிக்குழவியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கால் அசையாது, நாமும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று கணக்கு. அவர் தூங்கினார். குழவி தூங்கவில்லை. காலோடு சேர்ந்து அது பலகையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடகடவென்று உருண்டது. கீழேயிருந்து ராவுத்தரின் குரல் வந்தது.

"தம்பீ! இப்ப குதிரைக்கி வண்டியும் பூட்டியாச்சா?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டே, தூக்கம் கலைந்து உட்கார்ந்தவரிடம் சொன்னாள்: "வீட்டுக்கு வர்றப்ப செருப்ப வாசல்ல விடுறீங்கல்ல? அந்த மாதிரி வேலையையும் வாசல்ல விட்டுட்டு வாங்களேன். நானும் மனுசிதானே, ஒரு நாளாவது தூங்க வேணாமா?"

அவர் தன் காலை வேறு யாருடையதோபோல் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நான் டிராமை விட்டு எறங்கிடுறேன் தம்பி. டிராம்தான் என்னை விட்டு எறங்க மாட்டேங்குது."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அன்றுதான் நான் கவனித்தேன். தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தூக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆயர் ஈத்தாம் போய் வருவதுதான்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மாடியில் கடைசி அறையில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா இருந்தார். கப்பல் ஆபீசில் நாள் முழுக்க எழுதுகிற வேலை. காலையில் எழுந்ததும் சம்மணம் போட்டு மூச்சுப் பயிற்சி செய்கிற மனிதர். அவர் டங்கண்ணனை எதிரே உட்கார வைத்தார்.

"மெல்ல இழுத்து, மெல்ல விடும். மூச்சு அடங்கினால் மனம் அடங்கும். மனம் அடங்கினால் கால் எங்கை போகும்? கண்ணை மூடும் காணும்."

டங்கண்ணன் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு, காலுக்குத் தகுந்தபடி புஸ்ஸு புஸ்ஸென்று டிராம் வேகத்தில் ஓட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிராணி ஐயாவின் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. ஐயா பதறிக் கண்ணைத் திறந்து, "போதும், போதும், இண்டைக்கு இது காணும்" என்று எழுந்துவிட்டார்.

டிராமில் அவரோடு வேலை செய்த கண்டக்டர் ஒரு மலாய்க்காரர். வயதானவர். தமிழரில் யாரைப் பார்த்தாலும் 'தம்பி' என்பார். அவர் சொன்ன மருந்து: "தம்பி, மக்கான் அங்கின் லா!"

காற்று சாப்பிடு என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் வேலையை மறந்து வெளியே உலாவிவிட்டு வருவதை அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த லீவு நாளில் டங்கண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, "வாடா தம்பி, காத்து சாப்புட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடற்கரைக்குப் போவோம் என்று நினைத்தேன். நேராகப் போய் ஆயர் ஈத்தாம் டிராமில் ஏறி உட்கார்ந்தார். பாவம், காற்று என்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்று ஓட்டியவர் வேறொருவர். பினாங்கு ரோட்டில் ஒரு கோழி குறுக்கே வந்தது. ஓட்டுகிறவர் மிதிப்பதற்குமுன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் குதிகால் அடித்துவிட்டது. பிறகு ஒரு ரிக்‌ஷா. பிறகு ஒரு கிழவி. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க ஓட்டுறீங்களா நான் ஓட்டுறேனா? ஒண்ணு சொல்லுங்க, நான் எறங்கிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து நான் இதை நடித்துக் காட்டியபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "காத்து சாப்பிடப் போன மனுசன் டிராமைச் சாப்புட்டு வந்திருக்காரு!"

அப்புறம்தான் பாப்பா பிறந்தாள். கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து, இனிமேல் இல்லை என்று அக்காவே கோயிலில் கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு. குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அக்கா ஒரு சட்டம் போட்டாள்: அவர் இனி மாடிப்படி ஓரத்தில் படுக்க வேண்டும். காலும் காலோடு வந்த சத்தமும் அறைக்குள் நுழையக்கூடாது.

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். ஆனால் பாப்பா தூங்கவில்லை. உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடந்து, கேட்கிறவர் காது கிழிகிற மாதிரி அழுதாள். அக்கா தாலாட்டினாள். கிராணி ஐயா தேவாரம் பாடினார். நானும் பாடினேன், நான் பாடியபோதுதான் அழுகை உச்சத்துக்குப் போனது. ராவுத்தர் ஓமத்தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

ஒருநாள் மதியம் அவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல், தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தகரப்பெட்டிமேல் சற்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், குதிகால் ஆரம்பித்துவிட்டது. அடுப்படியிலிருந்து அக்கா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தொட்டிலில் சத்தமில்லை.

அவர் பயந்துபோய்க் காலை இரண்டு கையாலும் அமுக்கினார். "நான் ஒண்ணும் பண்ணல புள்ள, சத்தியமா..."

தொட்டில் சிணுங்கியது.

"பண்ணுங்க," என்றாள் அக்கா மெதுவாக. "கைய எடுங்க. பண்ணிக்கிட்டே இருங்க."

கையை எடுத்தார். டங், டங். பாப்பாவின் கண் சொருகியது. அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் குதிகாலையே பார்த்தாள். "வயித்துல இருக்கறப்பவே கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கு கழுத" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதைவிட ஆச்சரியம், பாப்பா நன்றாகத் தூங்கியதும் கால் நின்றது. யாரும் அமுக்கவில்லை, கட்டவில்லை. அடி மெல்ல மெல்லத் தேய்ந்து, இடைவெளி விட்டு, தானாக ஓய்ந்தது. மூச்சுக்கும் அடங்காத கால், குழவிக்கும் அடங்காத கால், வேலை முடிந்தது என்று அதற்கே தெரிந்ததுபோல் நின்றது. அவர் அந்தப் பெட்டிமேலேயே சுவரில் சாய்ந்து, உண்மையான தூக்கம் தூங்கினார். அக்காவும் கீழே சுருண்டு படுத்துவிட்டாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு அணைந்து சோறு பாதியில் கிடந்தது; பட்டினி யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் நடந்தது. வந்து உட்காருவார், கால் அடிக்கும், பாப்பா தூங்குவாள், கால் நிற்கும், அவர் தூங்குவார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போனது. கன்னத்தில் சதை வைத்தது. தாடைக் கீறல் ஆறியது. சாப்பிடும்போது ரசம் அலையாமல் நின்றது. டிராமில் இன்ஸ்பெக்டர் கத்தினால்கூடக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். வீட்டில் தன் காலுக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற தைரியம். கீழே ராவுத்தரோ, தூசி விழுந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பார், சத்தம் நின்றதும் சாப்பிடுகிறவர்களிடம், "ஏப்பா, மெதுவாப் பேசுங்க. மேல புள்ள தூங்கிருச்சு" என்பார். பாப்பா நடக்கப் பழகினாள். அவர் தட்டுவதுபோல் தானும் குதிகாலால் பலகையைத் தட்டி, தட்டிய வேகத்தில் பின்னால் விழுந்து, விழுந்ததற்குக் கை கொட்டிச் சிரிப்பாள். "அண்ணே, அடுத்த டிரைவர் ரெடி" என்பேன். "சீ, வாயக் கழுவுடா. எம் பொண்ணு டிராம்ல ஒக்காந்து போவா" என்பார்.

மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. எங்கள் மாடிக்கும் வந்தது. எனக்கு வந்து போனது, கிராணி ஐயாவுக்கு வந்து போனது. பாப்பாவுக்கு வந்தது போகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தோம், மறுபடியும் கொண்டுபோனோம். ஒரு முற்பகலில், அக்காவின் மடியில், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது அடங்கிவிட்டாள்.

அறை கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். ராவுத்தர் கடையைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் துணி விரித்துப் பாப்பாவை நடுவில் கிடத்தியிருந்தது. டங்கண்ணன் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. யாரையும் பார்க்கவில்லை. குதிகால் பலகையை அடித்துக்கொண்டிருந்தது.

 நேரம் போகப்போகப் பெண்களின் ஒப்பாரிக்கு நடுவில் அந்தச் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. துக்கத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, எழவு வீட்டுல என்னப்பா தாளம்? காலக் கொஞ்சம் சும்மா வையி. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

அவர் காதில் அது விழவில்லை. பெரியவர் எழுந்துபோய் அவர் முழங்காலைப் பிடிக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க!"

அக்காவின் குரல். ஒப்பாரி அப்படியே நின்றது.

"விடுங்க அவர," என்றாள். "அது இன்னும் தூங்கல."

பெரியவர் கையை எடுத்தார்.  டங், டங் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, அடி மெல்லத் தேய்ந்தது. இடைவெளி விட்டது. நின்றது. அவர் குனிந்து பிள்ளையை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு, "போலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கால் வீட்டில் அசையவே இல்லை. சாப்பிடும்போது இல்லை, தூங்கும்போது இல்லை, கோயிலில் இல்லை. விவரம் தெரியாதவர்கள் வழியில் நிறுத்தி, "என்னண்ணே, காலு நல்லாயிருச்சுபோல? எந்த வைத்தியம் கேட்டுச்சு?" என்று விசாரித்தார்கள். "ஆமா, நல்லாயிருச்சு" என்பார். மரியாதையாகச் சிரித்துவிட்டு நடப்பார். டிராமில் மணி தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அடித்தார். அடுத்த நிமிஷம் மறந்து நிற்கிறவர்போல் நின்றார். கேலி செய்ய என்னிடம் எத்தனையோ இருந்தது. ஒன்றுகூட அவர் பக்கம் போகமாட்டேன் என்றது.

அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒற்றைப் பலகைதான். ஒரு மதியம், நான் காய்ச்சலென்று பொய் சொல்லிக் கடைக்குப் போகாமல் படுத்திருந்தபோது அக்காவின் குரல் கேட்டது.

"ஒரு தடவ தட்டுங்களேன்."

 பிறகு டங் என்றது. இன்னொரு டங். நாலைந்து அடி விழுந்தது.

"அது இல்ல," என்றாள் அக்கா. "இது நீங்க தட்டுறீங்க."

"நான் தட்டாம வேற யாரு புள்ள தட்டுறது?"

 நான் திரும்பிப் படுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆயர் ஈத்தாம் டிராமில் ஏறினேன். முன்தட்டில் டங்கண்ணனின் முதுகு தெரிந்தது. அந்த முதுகுக்கு நேர் பின்னால் முதல் பெஞ்சில் அக்கா. தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கை இரண்டும் விரித்தபடி கிடந்தன. நான் வாயைத் திறக்கப் போனேன். மலாய்க்காரக் கண்டக்டர் உதட்டில் விரலை வைத்தார்.

"தெனம் வரும் தம்பி," என்றார் அடிக்குரலில். "ஏறும், தூங்கும். நான் கேக்கறதில்ல."

டத்தோ கிராமாட் சாலை தாண்டியதும் கடைகள் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் தோப்பு. தண்டவாளத்தில் ரிக்‌ஷா இல்லை, வண்டி இல்லை, கோழிகூட இல்லை. டிராம் மட்டும் மணியடித்துக்கொண்டே போனது. டங், டங். வேகமாகவும் இல்லை, நிறுத்தி நிறுத்தியும் இல்லை. எனக்கு அந்த அடி நன்றாகத் தெரியும்.

மூட்டையோடு உட்கார்ந்திருந்த வியாபாரி ஒருவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"யோவ் டிரைவர்! ரோட்டுல ஒரு நாய்கூட இல்லியேய்யா! யாருக்கு இந்த அடி அடிக்கிறே?"

டங்கண்ணன் திரும்பவில்லை. ஓட்டுகிறவர் பயணிகளிடம் பேசக்கூடாது என்று சட்டம். எல்லாவற்றுக்கும் வாயில் பதில் வைத்திருக்கிற நானும் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர்தான் வியாபாரியிடம் குனிந்தார்.

"ரோட்டுல ஆள் இல்ல லா," என்றார். "உள்ள இருக்கு."

ஆயர் ஈத்தாமில் தண்டவாளம் முடிகிறது. அங்கே டிராமைத் திருப்புவதில்லை. ஓட்டுகிறவர் பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடந்துபோய், அங்கிருந்து ஓட்ட வேண்டும். அவர் பிடியோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். அக்காவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இப்போது அவர் ஒரு முனையில், அக்கா மறுமுனையில். நடுவில் டிராமின் முழு நீளமும் இருந்தது.

டிராம் புறப்பட்டது. அத்தனை தூரம் கேட்க வேண்டுமே என்று அவர் வெறுங்குதிகாலால் ஓங்கி மிதித்தார். தோப்பிலிருந்து காகங்கள் கிளம்பின. அக்கா புரண்டு, கன்னத்துக்குக் கையைக் கொடுத்து, இன்னும் நன்றாகத் தூங்கினாள்.